.32-ஆ, 9 மி.மீ.-ஆ: எந்தத் தோட்டா ஆளை நிறுத்தும்?

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கெடு விதிப்பார்கள். அதையொட்டி வந்த கடிதங்களில் அடி அண்ணாமலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: ".32 ரிவால்வருக்கு வலு குறைவு என்பதால்தானே உரிமம் தருகிறார்கள்? 9 மி.மீ. ஆளை வீழ்த்தும் என்பதால்தானே தடை?"

இல்லை. 9 மி.மீ., .38, .303 எல்லாம் படையும் போலீசும் புழங்கும் அளவுகள். அரசுக் கிடங்கிலிருந்து களவுபோகும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற வெள்ளையர் காலக் கவலையே இந்தத் தடைப் பட்டியலின் வேர். காட்டுப்பன்றியை விரட்ட விவசாயி வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கி, கிட்டத்தில் 9 மி.மீ.-ஐவிடப் பல மடங்கு கொடியது. அதற்கு மாவட்ட ஆட்சியரே உரிமம் தருகிறார், 9 மி.மீ.-க்கு டெல்லி போக வேண்டும். சட்டத்தின் பட்டியலை வலிமைப் பட்டியலாக வாசிக்கக் கூடாது.

சரி, வலிமைதான் என்ன? .32 ரிவால்வர் தோட்டாவின் ஆற்றல் சுமார் 175 ஜூல். 9 மி.மீ.-உம் .45-உம் ஏறக்குறைய 500. கடைக்காரர்கள் இந்த எண்களைத்தான் காட்டுவார்கள். ஆனால் தோட்டா பட்டதும் ஆள் தூக்கி எறியப்படுவது சினிமாவில் மட்டும்தான். சுடுபவரின் கையைத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறதோ, அதற்கு மேல் தோட்டா எதிராளியைத் தள்ள முடியாது. மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் உடனே விழுவார். மற்றபடி ரத்தம் இழந்துதான் விழ வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு 10, 15 வினாடி இயங்க முடியும் என்கிறது அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் 1989 அறிக்கை.

அந்த அறிக்கைக்குக் காரணம் 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் நடந்த மோதல். கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. தோட்டா இதயத்தைத் தொடுமுன் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். எஃப்.பி.ஐ. 10 மி.மீ., .40 என்று பெரிய அளவுகளுக்குப் போய், கடைசியில் 9 மி.மீ.-க்கே திரும்பியது. தோட்டாவின் வடிவமைப்பும் குறியும் சரியாக இருந்தால் அளவு தரும் கூடுதல் பலன் சொற்பம்.

என்னை உறுத்துவது வேறு. முழுக்க உலோக உறை போட்ட 9 மி.மீ. தோட்டா உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கும் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அந்த மறுபக்கத்தில் யாராவது இருப்பார்கள். உள்ளே விரிந்து நின்றுவிடும் தோட்டாவைக் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில்தான் 1890-களில் செய்தார்கள். 1899 ஹேக் பிரகடனம் அதைப் போரில் தடுத்தது. பல நாட்டுப் போலீசார் இன்று அந்த வகையைத்தான் வைத்திருக்கிறார்கள், பின்னால் நிற்பவரைக் காப்பாற்றுவதற்காக.

மற்றக் கடிதங்களின் கேள்விகள்: கான்பூரில் 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வர் 50 மீட்டர் சுடும் என்கிறார்களே? அது தூரம், வலிமை அல்ல; அதுவும் .32 தான். இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைக்கலாமா? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் கூடாது. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. ஜவ்வாது மலை நாட்டுத் துப்பாக்கி? எந்த அளவானாலும் உரிமம் இல்லையென்றால் குற்றம்.