எறியும் தாளில் எழும் எழில்

தாளைப் போல் மலிந்த பொருள் நம் இல்லங்களில் வேறொன்றில்லை. நாட்காட்டியினின்று ஒரு தாளைக் கிழித்துவிட்டே நாளைத் தொடங்குகிறோம். காலையில் ஆவலோடு விரித்த செய்தித்தாள் மாலையில் பொட்டலம் கட்ட உதவுகிறது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகளின் குறிப்பேடுகள் எடைக்குப் போகின்றன. இத்துணை எளிதாய் நாம் எறியும் ஒன்று, மனிதக் கரங்களில் சிற்பமாகவும் விளையாட்டாகவும், ஏன், ஆலயமாகவும் கூட எழக்கூடும் என்றால் வியப்பாய் இல்லையா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள மகாராஜபுரம் போன்ற சிற்றூர்களில் வாழும் குடும்பங்களுக்குக் காகிதம் அந்நியமானதன்று. அருகிலேயே சிவகாசி இருக்கிறது. 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழில் வளர்ந்தபோது பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு தேவைப்பட்டது. ஒட்டுச்சீட்டுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து நாட்காட்டியும் நாட்குறிப்பும் பிறந்தன. மறுபுறம் இராஜபாளையத்து நூற்பாலைகளிலோ, நூலைத் தாங்கி நிற்பது கெட்டித் தாளாலான கூம்பே அன்றோ? தாளை அச்சிடவும் சுருட்டவும் அறிந்த மண் இது. அத்தாளைக் கலையாக்கியோர் சிலரை இங்கே அறிமுகம் செய்துகொள்வோம்.

விளையாட்டாய் எழுந்த கலை

முதலில் தஞ்சைக்குச் செல்வோம். தஞ்சாவூர்ப் பொம்மைகளுள் இரு வகை நாடறிந்தவை. ஒன்று, எப்படித் தள்ளினாலும் விழாமல் நிமிர்ந்து நிற்பது. அதன் அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால், எடையின் மையம் எப்போதும் தாழ்ந்தே நிற்கிறது. சாய்ந்த பொம்மை தானே எழுகிறது. மற்றொன்று நடனமாது. பாவாடை, உடல், தலை எனத் தனித்தனிப் பகுதிகளைச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று தொங்கி ஆடுமாறு கம்பியில் அமைக்கின்றனர். காற்று மெல்லத் தொட்டாலும் தலை ஒரு திசையிலும் இடை ஒரு திசையிலும் அசைகின்றன.

இந்நடனமாதின் உடல் காகிதக் கூழால் ஆனது. பழைய தாளை ஊறவைத்து இடித்து, மாவுப் பசையோடு பிசைந்து, பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்த்து, அச்சில் அழுத்தி எடுக்கின்றனர். இக்கலைக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பு 2008-09இல் கிடைத்தது. கல்லில் செதுக்கிய நடனமாது ஆடுவதாய் நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தாளால் செய்த நடனமாதோ உண்மையாகவே ஆடுகிறாள்! எடையின்மை என்று நாம் குறைவாய் எண்ணுவதே இங்கு கலையின் உயிராகிறது.

ஜப்பான் நாட்டிலும் இத்தகைய ஒருவர் வாழ்ந்தார். 1911இல் உழவர் குடும்பத்தில் பிறந்த அக்கிரா யோஷிசாவா, இளமையில் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். இளந்தொழிலாளருக்கு வடிவக் கணிதம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கோணமும் சமச்சீரும் அவர்களுக்கு எளிதில் விளங்கும்பொருட்டுத் தாளை மடித்துக் காட்டினார். பின்னர் அம்மடிப்பையே தம் வாழ்வாக்கிக்கொண்டு வேலையை விட்டார். பல்லாண்டுகள் வறுமையில் உழன்று, வீடு வீடாய் உணவுப் பொருள் விற்று வயிறு வளர்த்தார். கெட்டித் தாளைச் சிறிது ஈரமாக்கி மடித்தால், கூரிய மடிப்புகளுக்கு மாறாக மென்மையான வளைவுகள் கிடைக்கும் என்று அவர் கண்டறிந்தார். வெட்டாமல், ஒட்டாமல், ஒரே தாளில் விலங்குகளும் பறவைகளும் சிற்பம் போல் எழுந்தன. 1954இல் வெளிவந்த அவரது நூல், மடிப்புகளைப் புள்ளிக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறைக்கு வழிகாட்டிற்று. இன்று உலகெங்கும் சிறுவர் பயிலும் மடிப்புக்கலை நூல்கள் அம்முறையைத் தழுவியவையே. 1983இல் ஜப்பானிய அரசு அவருக்கு உயரிய விருதளித்துப் பெருமைப்படுத்தியது. 2005இல் அவர் மறைந்தார்.

திருக்குடிலுக்கு வந்த காகிதம்

விளையாட்டாய் எழுந்த இக்கலை வழிபாட்டிலும் இடம் பெற்றது. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும், எருதும் கழுதையும் கொண்டு பெத்லகேமை மக்கள் கண்முன் நிறுத்தினார். குடில் அமைக்கும் வழக்கம் பரவுவதற்கு அந்த இரவே பெருந்தூண்டுதல் ஆயிற்று. கோடிக்கணக்கான குடில்கள் அதன் பின் எழுந்துள்ளன.

நம் பகுதிக் குடில்களின் உருவங்கள் பல எங்கிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மதுரையில் திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி என்னும் ஊர் உள்ளது. வழிவழியாய் மண்பாண்டம் வனைந்த குடும்பத்தினர் அங்கே பொம்மைக் கலையில் ஈடுபட்டுள்ளனர். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளைச் செய்து முடித்த கையோடு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் குழந்தை இயேசு, மரியன்னை, சூசையப்பர், இடையர், மூன்று ஞானியர், ஆடுமாடுகள் என அனைத்தையும் வடிக்கின்றனர். களிமண்ணோடு காகிதக் கூழும் அவர்கள் கையில் உருப்பெறுகிறது. வேற்றுச் சமயத்தவரின் விரல்கள் நம் திருக்குடும்பத்தின் விழிகளைத் தீட்டுகின்றன. நல்லிணக்கம் பற்றி மேடைகளில் பேசுகிறோம். அதை ஆண்டுதோறும் வண்ணத்தூரிகை கொண்டு எழுதி வருவோர் இவர்களே.

இதே போன்ற கலை தென்னித்தாலியின் லெச்சே நகரிலும் செழித்தது. அங்கே ஆலயங்களுக்கான திருச்சுரூபங்களைக் காகிதத்தால் செய்தனர். கம்பிச் சட்டத்தில் வைக்கோலைச் சுற்றி உடலாக்கி, பசை தோய்த்த தாள்களை அடுக்கடுக்காய் ஒட்டி, காய்ந்தபின் சுடுகோலால் ஆடையின் மடிப்புகளை நேர்த்தியாக்குவர். முற்காலத்தில் நாவிதர்களே ஓய்வு நேரத்தில் தம் கடைகளில் இக்கலையைப் பயின்றதாகக் கூறுவர். பளிங்கு வாங்கப் பொருளில்லாத பங்குகளும் இதனால் அழகிய திருச்சுரூபங்களைப் பெற்றன. சப்பரம் சுமந்து பழகிய நம்மவருக்கு இதன் மற்றொரு சிறப்பு எளிதில் விளங்கும். தெருத்தெருவாய்த் தோளில் சுமந்து செல்லும் திருச்சுரூபம் எடை குறைந்திருப்பது எத்துணை ஆறுதல்!

காயத்தைச் சொன்ன வெண்தாள்

மகிழ்ச்சியை மட்டுமன்று, துயரத்தையும் தாள் சொல்லும். 1921இல் சிட்டகாங் பகுதியில் பிறந்த சோம்நாத் ஹோர், 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தைத் தம் கண்ணால் கண்டு வரைந்த ஓவியர். பசியால் வற்றிய உடல்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. சாந்திநிகேதனில் ஆசிரியராய் இருந்த அவர், 1970களில் 'காயங்கள்' என்னும் வரிசையைப் படைத்தார். மென்மையான தகட்டைக் கத்தியால் கீறியும் சூட்டுக்கோலால் பொசுக்கியும், அதனின்று அச்சு வார்த்து, அவ்வச்சில் வெண்ணிறக் காகிதக் கூழை அழுத்தி எடுத்தார். அவற்றுட் பலவற்றில் மையே இல்லை. வெள்ளைத் தாளில் மேடும் பள்ளமும் கீறலும் மட்டுமே. பார்ப்பவரோ மனிதத் தோலில் ஆறாத புண்ணைக் காண்பதாய் உணர்கின்றனர். உருவம் இல்லை, முகம் இல்லை. ஆயினும் வலி இருக்கிறது. தற்காலக் கலை நமக்குப் புரியாது என்று ஒதுங்குவோர் இத்தாள்களின் முன் ஒரு நிமிடம் நின்றால் போதும். 2006இல் ஹோர் காலமானார்.

காகிதத்தால் ஓர் ஆலயம்

துயரைச் சொல்வதோடு நில்லாமல் அதைத் துடைக்கவும் தாளால் இயலுமா? இயலும் என்று காட்டியவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தக்காத்தோரி என்னும் பங்கின் கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையாயிற்று. அப்பங்கில் வியத்நாமிலிருந்து அகதிகளாய் வந்தோர் பலர். அவர்கள் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ் ஒதுங்கியிருந்தனர். அங்கே வந்த பான், தாளால் ஆலயம் அமைத்துத் தருவதாகக் கூறினார். தீயில் அனைத்தையும் இழந்து நிற்கும் இடத்தில் காகிதக் கோயிலா என்று பங்குத் தந்தை திகைத்ததில் வியப்பில்லை. பான் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் மீண்டும் வந்தார். பீர்ப் புட்டிப் பெட்டிகளில் மணல்மூட்டைகளை நிரப்பி அடித்தளமாக்கி, காகிதக் குழாய்களைச் சுவராக்கி, முதலில் அம்மக்களுக்குத் தற்காலிக வீடுகளை எழுப்பினார். அதன் பின்னரே ஆலயம்.

ஐந்து மீட்டர் உயரமுள்ள 58 காகிதக் குழாய்கள் நீள்வட்டமாய் நிறுத்தப்பட்டன. சுமார் 160 தன்னார்வலர் ஐந்து வாரங்களில் தங்கள் கைகளாலேயே கட்டி முடித்தனர். கெட்டித் தாளைப் பசையிட்டுச் சுற்றிச் சுற்றி உருவாக்கும் குழாய், நிமிர்த்தி வைத்தால் பெரும் பாரத்தைத் தாங்கும். நூற்பாலைக் கூம்பின் வலிமையை அறிந்தோருக்கு இது புதிரன்று.

தற்காலிகமாய்க் கட்டிய அவ்வாலயம் பத்து ஆண்டுகள் நின்றது. 2005இல் அதைக் கவனமாய்ப் பிரித்து, 1999ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் அழிவைச் சந்தித்த தைவான் நாட்டுத் தவோமி என்னும் சிற்றூருக்கு அனுப்பினர். 2008இல் அது அங்கே மீண்டும் எழுந்தது. ஒரு துயரத்தின் அடைக்கலம் மற்றொரு துயரத்திற்கு ஆறுதலாய்ச் சென்றது! 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்திற்குப் பின் நம் நாட்டின் குசராத்துக்கும் பான் வந்தார். இடிபாடுகளையே அடித்தளமாக்கி, காகிதக் குழாயால் சுவரும் மூங்கிலால் கூரையும் கொண்டு பூஜ் பகுதியில் வீடுகள் அமைத்தார். 2014இல் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் பரிசு அவரை நாடி வந்தது.

காங்கிரீட்டால் கட்டினும் பணத்துக்காக மட்டும் கட்டியது தற்காலிகமே. தாளால் கட்டினும் மக்கள் அன்பு செய்வது நிலைத்து நிற்கும் என்பது பானின் கருத்து. தஞ்சை முதல் தைவான் வரை நாம் கண்டதன் சாரமும் இதுவே. ஒரு பொருளுக்கு மதிப்பளிப்பது அதன் விலையன்று. அதைத் தொட்ட கரமும், அதைப் பேணும் உள்ளமுமே.

நம் இல்லங்களில்

கலை என்பது நகரத்துக் காட்சிக்கூடங்களுக்கே உரியது என்று எண்ண வேண்டா. பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாய்க் கிழித்து இரண்டு நாள் நீரில் ஊறவையுங்கள். நன்கு இடித்து, நீரைப் பிழிந்து, காய்ச்சிய மைதாப் பசையோடு மாவு போல் பிசையுங்கள். கம்பியிலோ வைக்கோலிலோ எலும்புக்கூடு போல் ஒரு சட்டம் கட்டி, அதன்மேல் கூழை மெல்லிய அடுக்குகளாய் அப்புங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பின்னரே அடுத்த அடுக்கு. நன்கு உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டலாம். மயில்துத்தம் நஞ்சாதலால் சிறுவர் செய்யும் கூழில் அதைச் சேர்க்கலாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எதுவும் எளிதில் காயாது. ஆகவே குடிலுக்கான வேலையை ஆவணியிலேயே தொடங்குவது அறிவுடைமை.

பங்குகளும் மன்றங்களும் கருத வேண்டியது ஒன்றுண்டு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உருவங்கள் இன்று கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவை மலிவு, அவற்றில் குறையொன்றும் தென்படுவதில்லை. ஆனால் அவற்றை மட்டுமே வாங்கும் வழக்கம் நிலைத்துவிட்டால் விளாச்சேரியின் பிள்ளைகள் தந்தையின் தூரிகையை ஏன் கையிலெடுக்க வேண்டும்? ஒரு தலைமுறை கைவிட்ட கலையை மறுதலைமுறை நூலைப் படித்து மீட்டுவிட முடியாது. கைவினைஞரிடம் டிசம்பரில் சென்று விலையைக் குறைக்கப் பேசுவதை விட, ஆகஸ்டிலேயே முன்பணம் தந்து வேலை கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் பேருதவி. உடைந்த பழைய உருவங்களைத் தூக்கியெறியாமல் அவர்களிடமே செப்பனிடக் கொடுக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை செய்யும் முதல் ஆட்டுக்குட்டி கோணலாகத்தான் இருக்கும். ஒரு கால் நீண்டும் ஒரு காது தொங்கியும் இருக்கும். அதைக் கண்டு நகையாதீர்கள். விருந்தினர் வருகிறார்களே என்று மறைத்தும் வைக்காதீர்கள். கடையில் வாங்கிய ஆடுகள் பின்னே நிற்கட்டும். குழந்தை இயேசுவின் தொட்டிலுக்கு மிக அருகில் அந்தக் கோணல் ஆட்டுக்குட்டிக்கே இடம் கொடுங்கள்.