பூட்டின் பலம் எங்கே இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில், ஷிப்டு வேலைக்குச் செல்வோர் தங்கும் வாடகை அறைகள் ஏராளம். கதவைச் சாத்தி, நாதாங்கியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். நம் வீடுகளிலும் இதே வழக்கந்தான். ஆனால் இழுத்துப் பார்த்ததால் எது சோதிக்கப்பட்டது? பூட்டா, கதவா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் பூட்டு. பூட்டுக்குப் புகழ்பெற்றது நம் திண்டுக்கல். கைவேலையால் உருவாகும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல பூட்டு ஒன்றின் உள்ளே 'லீவர்' எனப்படும் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. சரியான சாவி, எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்திற்குத் தூக்கும்போது வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமையும், பூட்டு திறக்கும். ஒரு தகடு சற்றுக் குறைவாக எழும்பினாலும், சற்றுக் கூடுதலாக எழும்பினாலும் திறக்காது. இந்தத் தத்துவத்தை 1778இல் இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் என்பவர் வகுத்தார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தகட்டுக்கும் 4 உயரங்கள் என்று கொள்க. 6 தகடுகள் இருந்தால் 4×4×4×4×4×4, அதாவது 4,096 விதச் சாவிகள் செய்யலாம். 8 தகடுகள் என்றால் 65,536! இரண்டே தகடுகள் கூடியதும் எண்ணிக்கை 16 மடங்காகிவிட்டது.

அப்படியானால் தகடு கூடினால் திருட்டுப் பயம் தீர்ந்ததா? இல்லை. 1851இல் இலண்டன் பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது எனப் பெயர்பெற்ற பிராமா பூட்டைச் சாவியின்றித் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 50 மணி நேரத்திற்கு மேல் பிடித்தது. திருடனுக்கு அவ்வளவு அவகாசம் ஏது? அவன் பூட்டைத் தொடுவதில்லை. கடப்பாரையை நாதாங்கிக்குப் பின்னே செருகுகிறான்.

இங்கே நெம்புகோல் விதி வேலை செய்கிறது. ஊன்றுபுள்ளியிலிருந்து கை 60 செ.மீ. தொலைவிலும், நாதாங்கி 3 செ.மீ. தொலைவிலும் இருந்தால் விசை 20 மடங்காகும். 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் நாதாங்கியை 600 கிலோ எடைக்கு ஈடான விசை இழுக்கும். மரத்தில் 2 செ.மீ. மட்டுமே இறங்கிய திருகாணிகள் இதற்கு எப்படித் தாங்கும்? விலையுயர்ந்த பூட்டு உடையாமல் நாதாங்கியோடு தரையில் விழும்!

ஆகவே, சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியின் பலமே. அந்தக் கண்ணியைச் சரிசெய்யச் செலவும் அதிகமில்லை. திருகாணிக்குப் பதிலாகக் கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டைப் போட்டு, உட்புறம் அகன்ற வாஷர் வைத்து நட்டை முடுக்க வேண்டும். அப்போது விசை மரத்தின் பெரும் பரப்பில் பரவுகிறது. பூட்டிய நிலையில் போல்ட்டின் தலைகள் வெளியே தெரியாதபடி கொண்டி மூடிக்கொள்ள வேண்டும். கொண்டிக்கும் கதவுக்கும் இடையே கம்பி நுழைய இடைவெளி கூடாது. சன்னல் கம்பிச் சட்டத்தின் திருகாணிகளும் வெளியிலிருந்து கழற்ற முடியாதவாறு அமைய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஓர் அறையில் நால்வர் தங்குகிறார்கள். இரவு ஷிப்டு முடித்த ஒருவர் உள்ளே உறங்குகிறார். காலை ஷிப்டுக்குச் செல்பவர் பழக்கதோஷத்தில் வெளியே பூட்டிச் சென்றால்? எரிவாயு கசிந்தாலோ தீப்பிடித்தாலோ அந்தப் பூட்டே எமனாகிவிடும். எனவே, வெளியே சாவியாலும், உள்ளே சாவியின்றிக் கைப்பிடியாலும் திறக்கும் பூட்டே இத்தகைய அறைகளுக்கு ஏற்றது. கள்வனைத் தடுப்பது பூட்டின் பாதி வேலைதான். உள்ளிருப்பவரை உடனே வெளியே விடுவது மறு பாதி.

மாணவர்களே! இன்று மாலை உங்கள் வீட்டு நாதாங்கியைப் பாருங்கள். எத்தனை திருகாணிகள்? அவற்றில் எத்தனை ஆடுகின்றன? பெரியவர்களின் உதவியோடு ஒன்றைக் கழற்றி அதன் நீளத்தை அளந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பூட்டின் உண்மையான பலம் அப்போது விளங்கும்.