சைக்கிள் கொடுத்தா கிராமம் முன்னேறுமா?

கிராமத்துக்குக் கல்வின்னு சொன்னதும் நமக்குத் தோணுறது பள்ளிக்கூடம் கட்டுறதுதான். கட்டின பள்ளிக்குப் பிள்ளைங்க எப்படிப் போவாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

பீகார்ல 2006-ல ஒரு திட்டம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய். ஏன் ஒன்பதாம் வகுப்பு? எட்டாவது வரைக்கும் பள்ளி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளி பல ஊர்களில் தூரம். பதினாலு வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப வீட்டில் தயங்குவாங்க. படிப்பு அதோட நின்னு, கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிடும்.

சரி, திட்டம் பலன் கொடுத்ததான்னு எப்படித் தெரியும்? அதே வருஷங்களில் பீகார்ல ரோடும் போட்டாங்க, வருமானமும் கூடிச்சு. எது காரணம்னு சொல்ல முடியாதே?

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளாதார அறிஞர்கள் இதைப் பிரிச்சுப் பார்த்தாங்க. நாம ஆபீஸ்ல பண்ற ஏ/பி டெஸ்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அப்போ பசங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. அதனால பொண்ணுங்களைப் பசங்களோட ஒப்பிட்டாங்க. பிறகு, 2000 வரை பீகாரோடவே இருந்த, இந்தத் திட்டம் இல்லாத ஜார்க்கண்டோடயும் ஒப்பிட்டாங்க.

முடிவு? உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதாவது, தூரம்தான் உண்மையான தடை.

ஆனா இன்னும் ரெண்டு எண்ணையும் பாருங்க. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதின மாணவிகள் 18 சதவீதம்தான் கூடினாங்க. தேர்ச்சி பெற்றவங்க 12 சதவீதம். சைக்கிள் வகுப்பு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. உள்ளே என்ன நடக்குதுங்கிறது ஆசிரியர் கையில், பாடம் நடத்துற விதத்தில் இருக்கு.

கிராமத்துக்கு இதில் என்ன லாபம்னு கேட்பீங்க. பத்தாவது வரை படிச்ச பொண்ணு பேங்க் படிவத்தைத் தானே நிரப்புவா. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கிற எச்சரிக்கையை வாசிப்பா. நாளைக்கு தன் பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக்கொடுப்பா.

நம்ம ஊர்லயும் அரசு இலவச சைக்கிள் கொடுக்குது. யாராவது "எல்லாம் ஓசி"ன்னு கிண்டல் பண்ணா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்தப் பொண்ணோட பள்ளி எத்தனை கிலோமீட்டர்?"