படைப்பு எங்கிருந்து பிறக்கிறது?



சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மாட்டுக் கொட்டிலில் குழந்தை இயேசு பிறந்திருக்கும் காட்சியை வரைந்திருந்தேன். வரைந்திருந்தேன் என்று சொல்வது முழு உண்மையன்று. வீட்டு நாள்காட்டியில் இருந்த படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளை அப்படியே எடுத்து, பிறகு வண்ணம் தீட்டினேன். பாராட்ட வந்த சிஸ்டர் ஒருவர் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அழகாய் இருக்கிறதம்மா. இதில் உன்னுடையது எது?" என்று கேட்டார். அவர் கடிந்து கேட்கவில்லை. ஆனாலும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. பரிசாகக் கிடைத்த பேனாவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. ஒரு சிலையோ பாடலோ புதிய அறிவியல் வழியோ எங்ஙனம் பிறக்கிறது? முன்னோர் செய்ததைப் பின்பற்றுவதற்கும் வெறுமனே நகல் எடுப்பதற்கும் என்ன வேறுபாடு? விடையைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலேயே சான்றுகள் நிறைய இருக்கின்றன.

மனிதர் படைப்பது எதிலிருந்து?

இறைவன் ஒருவரே ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். மனிதருக்கு அது இயலாது. விடுதலைப் பயண நூலில் பெசலேல் என்னும் கைவினைஞரைப் பற்றிப் படிக்கிறோம். ஞானமும் கைத்திறனும் அவருக்கு அமையும்படி இறைவன் அவரைத் தம் ஆவியால் நிரப்பினார். பெசலேல் பொன்னையோ வெண்கலத்தையோ மரத்தையோ உண்டாக்கவில்லை. அவை முன்பே இருந்தன. அவற்றைக் கொண்டு இறைவனுக்குரிய கூடாரத்தை உருவாக்கினார். ஆகவே மனிதரின் படைப்பு என்பது, இருக்கும் பொருளையும் கற்ற முறையையும் கொண்டு, இதுவரை இல்லாத ஒன்றை உருவாக்குவதே ஆகும்.

மெழுகு உருகி உருவம் பிறக்கிறது

சிதம்பரம் என்றவுடன் ஆடும் நடராசர் திருவுருவம் நினைவுக்கு வரும். இத்தகைய செப்புத் திருமேனிகளைச் சோழர் காலச் சிற்பிகள் எப்படிச் செய்தனர் என்பது வியப்பூட்டும் செய்தி. இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் அதே முறையில் சிலைகள் வார்க்கப்படுகின்றன.

முதலில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து, செய்ய வேண்டிய உருவத்தை மெழுகிலேயே முழுமையாகச் செய்கிறார்கள். விரல், நகம், அணிகலன் எல்லாம் மெழுகில் வந்துவிடும். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அடுத்தடுத்து மண் பூசி, பெரிய உருவமாயின் இரும்புக் கம்பியால் கட்டி, பின்னர் சூடேற்றுகிறார்கள். உள்ளிருக்கும் மெழுகு உருகி ஒரு துளை வழியே வெளியேறிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால் உள்ளே சிலை இருக்கும்.

தோழியரே, ஒன்றைக் கவனியுங்கள். மெழுகு போய்விட்டது, அச்சும் உடைந்துவிட்டது. எனவே ஓர் அச்சில் ஒரு சிலைதான் வரும். சிற்பி முகத்துக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று சாத்திரம் கூறும் அளவுகளை மீறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து தம் விரல்களால் மெழுகைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அளவு முன்னோருடையது, உழைப்பும் கண்ணும் அவருடையவை. நான் தாள் வைத்து எடுத்த படத்தில் இல்லாமற்போனது இதுதான்.

நடராசரின் மேல் வலக்கையில் இருக்கும் உடுக்கை படைத்தலையும், மேல் இடக்கையில் இருக்கும் தீ அழித்தலையும் குறிக்கும் என்பர். மெழுகு அழிந்து சிலை பிறக்கும் தொழிலைச் செய்த சிற்பிக்கு இக்கருத்து நன்கு விளங்கியிருக்கும். 2004ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் இந்தியா அளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டது. துகள்கள் ஓயாமல் தோன்றி மறைவதை ஆராயும் அறிவியலாருக்கும் அந்த ஆடல் பொருளுடையதாகத் தோன்றியிருக்கிறது.

பழைய கதை, புதிய கேள்வி

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு வருகிறது. ஆதனூரில் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார் தில்லையைக் காண ஏங்கி, "நாளைப் போவேன்" என்று நாள்களைக் கழித்த கதை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையை எடுத்துக்கொண்டு நந்தன் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார்.

அவர் பழையதை அப்படியே பாடவில்லை. சேக்கிழாரிடம் இல்லாத பண்ணையார் ஒருவரை, வேதியர் என்ற பாத்திரமாகப் புகுத்தினார். சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். இந்த ஒரு பாத்திரம் வந்தவுடன் கதையே மாறிவிடுகிறது. கோயில் வாயிலில் மட்டும் தடை இருப்பதாக நினைத்திருந்த நாம், வயல் வரப்பிலும் தடை இருப்பதைக் காண்கிறோம். தம் காலத்தில் தஞ்சை மண்ணில் பண்ணையாட்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் கண்ணால் கண்டவர். முன்னோர் தந்த கதையோடு தாம் கண்ட உண்மையையும் சேர்த்தார். எளிய இசையில் அமைந்தமையால் அது ஊர் ஊராகப் பரவியது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரைப்படங்களில் நடித்தனர். ஒரு கதை மூன்று முறை பிறந்தது என்றால் மிகையாகாது.

குறையைக் காணும் கண்

வீரமாமுனிவரை நாம் அறிவோம். இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, புனித சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடியவர். அவர் செய்த இன்னொரு பணி அளவில் மிகச் சிறியது; ஆனால் நாம் ஒவ்வொரு நாளும் அதைப் பயன்படுத்துகிறோம். அக்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைப்பதே வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். அதனால் குறில் எது, நெடில் எது என்று படிப்பவர் தடுமாறினர். முனிவர் நெடிலுக்கு இரட்டைக் கொம்பை அமைத்துக் குழப்பத்தைத் தீர்த்தார். பிறர் பழகிப்போய் பொறுத்துக்கொண்ட குறையை, புதிதாகத் தமிழ் கற்க வந்தவர் கண்டார்! தெரியாது என்று சொல்ல அஞ்சாதவருக்கே இத்தகைய கண் வாய்க்கிறது.

எழுத்தாளர் ஜெயகாந்தன் 1934இல் கடலூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடராத அவர், நகரத்துக் குடிசைகளிலும் தெருக்களிலும் தாம் கண்ட மனிதர்களையே கதைகளாக்கினார். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்கு வழங்கப்பட்டது. பலரும் பார்க்காமல் கடந்து போனவர்களை அவர் நின்று பார்த்தார்.

காடு கேட்ட கேள்வி

கலைக்குச் சொன்னது அறிவியலுக்கும் பொருந்துமா? பிச்சாவரத்துக்குச் சுற்றுலா சென்றவர்கள் படகில் அமர்ந்து சுரபுன்னைக் காட்டை இரசித்திருப்பீர்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள இந்த அலையாத்திக் காட்டின் ஒரு பகுதி முன்பு பொட்டலாகிக் கிடந்தது. மாடுகள் மேய்வதாலும் மக்கள் விறகு வெட்டுவதாலும் காடு அழிகிறது என்று பலர் கருதினர்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் காரணத்தை வேறிடத்தில் கண்டனர். ஆங்கிலேயர் காலம் தொட்டுக் காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் முறை இருந்துவந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே மண்ணில் பட்டது. ஈரம் வற்றி மண் தாழ்ந்து, தரை தொட்டிபோல் ஆயிற்று. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மிகுந்தது. உப்புநீரில் வாழும் மரங்களுக்கே தாங்க முடியாத உப்பு! அங்கே எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது.

காரணம் தெரிந்ததும் வழி பிறந்தது. 1990களில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து பணியாற்ற, மீன் முள்ளைப்போல் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. கடல்நீர் ஏற்றத்தில் வந்து இறக்கத்தில் திரும்பியது, உப்பும் குறைந்தது. வாய்க்கால் ஓரம் நட்ட கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, இக்காட்டின் பின்புறம் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அன்று கடலூர் மாவட்டம் இழந்த உயிர்களை எண்ணினால், ஒரு வாய்க்காலின் அருமை நமக்குப் புரியும்.

இங்கே புதிய பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மண்வெட்டி பழையது, வாய்க்காலும் பழையது. "ஏன்" என்ற கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டதே படைப்பு.

வாசலில் ஓர் அறிவியல்

சிதம்பரத்தில் என் ஆயா வீடு இருக்கிறது. மார்கழி விடுமுறைக்கு அங்கே போவது எங்கள் வழக்கம். ஆருத்ரா தரிசனத்துக்காக ஊரே விழாக்கோலம் பூண்டிருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்குவதால் ஆயாவும் விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்து நட்சத்திரக் கோலம் போடுவார்.

ஒரு நாள் புள்ளி வைக்கும்போது ஒரு மூலையில் ஒன்று குறைந்துவிட்டது. சுற்றி வந்த கம்பி அவ்விடத்தில் வழி தவறி நின்றது. "அழிச்சிட்டு மறுபடி போடுங்க ஆயா" என்றேன். "அழிப்பானேன் கண்ணு? மத்த மூணு மூலையிலயும் ஒரு புள்ளிய எடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லி, அப்படியே செய்தார். நான்கு மூலையிலும் கோடு உள்வாங்கி வளைந்தது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்திராத ஒரு நட்சத்திரம் வாசலில் மலர்ந்தது. ஆயா அதைப் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆயாவிடம் "நீங்க ஒரு கலைஞர்" என்றால் சிரிப்பார். ஆனால் அறிஞர்கள் சிரிக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் கோலங்களை ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சில அடிப்படை வடிவங்களையும் சில விதிகளையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எத்தனை பெரிய கோலமும் உருவாகும். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று கணினி அறிவியலின் வாயிலாகக் காட்டினர். அம்மூவரில் இருவர் பெண்கள் என்பது நமக்குப் பெருமையன்றோ! நம் பாட்டிமார் விடியற்காலைப் பனியில் குனிந்து செய்துவந்தது கலையும் கணிதமும் கலந்த ஒன்று. காலடி பட்டு அது மாலைக்குள் அழிந்துவிடுவதால் அதற்கு மதிப்பில்லை என்று நாம் எண்ணிவிட்டோம்.

முடிவுரை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. படைப்பவர் முதலில் முன்னோரிடம் கற்கிறார். பிறகு ஒரு குறையையோ துயரையோ தம் கண்ணால் காண்கிறார். பின்னர் பொறுமையோடு உழைக்கிறார். தவறு நேர்ந்தால் அதையே வழியாக்கிக்கொள்கிறார். பிறவியிலேயே மேதையாய் இருப்பவர்க்கு மட்டும் இது உரியதன்று. தாலந்து உவமையில் ஒரே தாலந்து பெற்றவன் குற்றவாளியானது குறைவாகப் பெற்றதாலா? அதைப் புதைத்து வைத்ததால் அன்றோ!

இவ்வாண்டுக் கண்காட்சியில் ஆயாவின் முறையைப் பின்பற்றி நானே ஒரு கோலம் அமைத்து வைத்தேன். பதினேழு முறை கம்பி தவறியது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் சிஸ்டர் வந்து நின்றபோது, "இந்த இடது மூலை வளைவு என்னுடையது சிஸ்டர்" என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அப்போதே சென்ற ஆண்டுப் படத்தைப் பற்றிய உண்மையையும் சொல்லி, அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "வைத்துக்கொள். இனிமேல் எழுது" என்றார்.

இக்கட்டுரையை அந்தப் பேனாவால்தான் எழுதினேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு