விழிப்பதா, எழுவதா, உணர்வதா?

எந்த மொழியைப் படித்தாலும் முதல் சில பாடங்களிலேயே வந்துவிடும் சொல் ஒன்று உண்டு. காலையில் தூக்கம் கலைவதைக் குறிக்கும் வினைச்சொல்தான் அது. என் மகள் இப்போது ஸ்பானிய மொழி படித்து வருகிறாள். அவள் பாடத்தில் 'தெஸ்பெர்தார்சே' என்ற சொல் வந்தபோது, தம்பானூரில் நாம் அன்றாடம் கேட்கும் மலையாளச் சொற்களையும் நம் தமிழ்ச் சொற்களையும் அதனுடன் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மலையாளம். தூக்கம் கலைவது 'உணருக'. படுக்கையை விட்டு எழுவது 'எழுந்நேல்க்குக', பேச்சில் 'எணீக்குக'. அடுத்த வீட்டு அம்மாள் "மோனெ உணர்த்தியோ?" என்று கேட்டால், பையனை எழுப்பியாயிற்றா என்று பொருள். புதிதாக வந்த தமிழர் காதில், பையனுக்கு எதையோ புரியவைத்தாயா என்பது போல விழும். ஆனால் இது நமக்கு முற்றிலும் அந்நியமான பொருள் அல்ல. பழந்தமிழிலும் உணர்தல் என்பதற்குத் துயிலெழுதல் என்ற பொருள் உண்டு. நாம் பேச்சில் கைவிட்டதை மலையாளம் வைத்துக்கொண்டிருக்கிறது. கேரளக் கோயில்களில் அதிகாலையில் நடப்பது 'பள்ளியுணர்த்தல்'. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் பாடியது 'திருப்பள்ளியெழுச்சி'. செயல் ஒன்றே, தேர்ந்துகொண்ட வினைதான் வேறு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 'ராவிலெ' என்ற சொல். தம்பானூரில் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் சுற்றிப் பல விடுதிகள் உள்ளன. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். விடுதிக்காரர் "நாளெ ராவிலெ விளிச்சுணர்த்தணோ?" என்று கேட்டால், நாளை இரவா என்று நம்மவர் விழிக்கக்கூடும். மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில். இரவைச் சொல்ல 'ராத்ரி' இருக்கிறது. அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம். ஊரிலிருந்து வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி ஸ்பானியம். சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள மொழி அது. 'தெஸ்பெர்தார்' என்றால் பிறரை எழுப்புவது. 'தெஸ்பெர்தார்சே' என்றால் தானே விழிப்பது. கடைசியில் ஒட்டியுள்ள 'சே' என்பதற்குத் 'தன்னை' என்று பொருள் கொள்ளலாம். நம் இலக்கணத்தில் சொன்னால் தன்வினை, பிறவினை வேறுபாடுதான். நாம் எழு, எழுப்பு என்று வினையையே மாற்றுகிறோம். மலையாளிகள் உணருக, உணர்த்துக என்கிறார்கள். ஸ்பானியர்கள் ஒரு சிறு சொல்லைச் சேர்த்து அதே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அந்தச் சிறு சொல் ஆளுக்கு ஆள் மாறும். நான் விழிக்கிறேன் என்பது 'மே தெஸ்பியெர்தோ'. நீ விழிக்கிறாய், 'தே தெஸ்பியெர்தாஸ்'. அவன் அல்லது அவள் விழிப்பது 'சே தெஸ்பியெர்தா'. நாங்கள் விழிக்கிறோம் என்றால் 'நோஸ் தெஸ்பெர்தாமோஸ்'. நடுவில் 'பெர்' என்பது 'பியெர்' ஆவதைக் கவனியுங்கள். அந்த அசையில் அழுத்தம் விழும்போது ஒலி இப்படி மாறும். 'தெஸ்பெர்தாமோஸ்' என்பதில் அழுத்தம் 'தா'வுக்குப் போய்விடுவதால் 'பெர்' மாறுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்து திண்டாட வேண்டாம்.

படுக்கையை விட்டு எழுவதற்கு 'லெபந்தார்சே' என்ற தனிச்சொல் உண்டு. அலாரக் கடிகாரத்தின் பெயர் 'தெஸ்பெர்தாதோர்', அதாவது எழுப்புவது. நம் 'ராவிலெ' போல அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'மன்யானா' என்றால் நாளை, அதுவே காலையும்கூட. 'மன்யானா போர் லா மன்யானா' என்றால்தான் நாளைக் காலை.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. 'விழித்தேன்' என்றாலே விழித்தது நான் என்பது விளங்கும். 'நான்' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் அப்படியே, வினையின் விகுதி ஆளைக் காட்டும். இன்றைய மலையாளத்தில் ஞான், அவன், அவர் எல்லோருக்கும் 'உணர்ந்நு' ஒன்றே. ஆகவே தமிழ் விகுதிகளை நன்றாக அறிந்த பிள்ளைக்கு ஸ்பானிய விகுதிகள் புதிய சங்கதியல்ல.

இங்கே பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். இன்னொரு மொழி சேர்ந்தால் சுமை என்று பயந்து, முதலில் தமிழை நிறுத்தும் பெற்றோர்கள் நம்மிடையே உண்டு. அப்படிச் செய்தால், மற்ற மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கையிலுள்ள அளவுகோலையே பிள்ளை இழக்கிறது. தினம் பத்து நிமிடம் போதும். காலையில் எழுப்பும்போதே தொடங்கலாம்: எழு, எழுப்பு, எழுந்தேன், எழுந்தாய், எழுந்தோம். எந்த மொழிக்குப் போனாலும் அது துணை வரும்.