அட்டை இருக்கு... ஊசிக்கு பில் யார் பேர்ல?

ராத்திரி ஒன்பதரை மணி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக் எடுக்கப் போன நண்பரின் கெண்டைக்காலில் ஒரு தெருநாய் பல் பதித்துவிட்டது. பதறியடித்து மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்தவர், வெறிநாய்க்கடி ஊசி கேட்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை நீட்டினார்.

"அண்ணே, இதை வச்சு இங்க பில் போட முடியாதுண்ணே."

"ஏம்ப்பா, 5 லட்சம்னு சொல்றாங்களே?"

"ஆஸ்பத்திரில படுத்தாத்தாண்ணே அது. நாய் கடிச்சு நிக்கிறவருக்கு இல்ல!"

கேட்டதும் சிரித்துவிட்டேன். ஆனால் கடைக்காரர் சொன்னது சரி. 2012-ல் வந்த அந்தத் திட்டம் ஆபரேஷன், அட்மிஷன் ரகம். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிதான் பில் அனுப்பலாம். நம் ஆபீஸ் மெடிக்ளெய்மும் பெரும்பாலும் அப்படித்தான். (ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் தப்பித்தார்கள், அதில் வெளிநோயாளி வைத்தியமும் உண்டு.)

அமெரிக்காவில் மருந்துக்கடை பார்மசிஸ்டே ஃப்ளூ ஊசியைப் போட்டுவிட்டு, 65 வயது தாண்டியவர் என்றால் பில்லை மெடிகேர் என்ற அரசாங்க இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிவிடுவார். பெரியவர் பைசா தர வேண்டாம். இங்கே கடைக்காரர் மருந்து தருவார். ஐஸ் வைத்து வாங்கிக்கொண்டு (2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டுமாம்) ஊசி போட கிளினிக் தேடி ஓட வேண்டியது நாம்தான்.

நண்பர் இரண்டு ஊசி போட்டார். 7-ம் நாள் பர்ஸ் இளைத்துவிட்டது. "நாய் நல்லாத்தானே திரியுது, போதும்யா" என்றார். எனக்குப் பகீரென்றது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். இழுத்துக்கொண்டு போனேன் அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே பில் என்ற பேச்சே இல்லை, இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அப்படித்தான்.

எப்படிக் கட்டுப்படியாகிறது? பி.காம். புத்தி கணக்குப் போட்டது. சதையில் போட்டால் 5 தடவை, தடவைக்கு ஒரு முழு குப்பி. தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28-ம் நாட்களில், கைக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு கையிலும். மொத்தமே 0.8 மில்லி! ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரலாம்.

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து மீதி ஊசிகளை எழுதினார். "கடிச்சதும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் குழாய்த் தண்ணில கழுவினீங்களா?" என்றும் கேட்டார். நண்பர் என்னைப் பார்த்து முழித்தார்.

ஊசி அறையில் மறுபடியும் அந்த அட்டையை எடுத்து நீட்டினார். நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை உள்ள வைங்க தம்பி. சட்டைக் கையை மடிங்க... ரெண்டு கையும்!"