மெட்ரோ வந்தா வேலையும் பக்கத்துல வருமா? ரயில் பாதை ஒரு நகரத்தை எப்படி மாத்துது?

"மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்தான்!" சென்னையில் வீடு, மனை விற்கும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. ரயில் வந்தா ஏரியா வளரும்னு எல்லோருக்கும் தெரியும். ஆனா, வளரப்போறது வீடுகளா, வேலைகளா? பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில் வளர்வதில்லை. இதை முதலில் பார்த்த நகரம் லண்டன்.

லண்டனில் என்ன நடந்தது?

உலகின் முதல் சுரங்க ரயில் 1863ல் லண்டனில் ஓடத் தொடங்கியது. ரயில்கள் வருவதற்கு முன், வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில்தான் பெரும்பாலானோர் குடியிருந்தார்கள். நகரின் மையமான 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதியில் 1851ல் சுமார் 1.28 லட்சம் பேர் வசித்தனர். 1901ல் அது சுமார் 27 ஆயிரமாகக் குறைந்தது.

அப்போ மையப் பகுதி காலியாகிடுச்சா? அதுதான் இல்லை. 1891ல் பகல் நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில், அங்கே 3 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். காலையில் வந்து, மாலையில் திரும்பியவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். குடியிருப்புகள் இருந்த இடத்தை வங்கிகளும் அலுவலகங்களும் பிடித்துக்கொண்டன.

ஏன் இப்படி ஆகுது?

காரணம் ரொம்ப எளிது. அலுவலகங்களுக்கு ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் லாபம். அதனால் மையத்தில் அதிக வாடகை கொடுக்கவும் தயார். குடும்பங்களுக்குத் தேவை, கட்டுப்படியாகும் வாடகையில் கொஞ்சம் பெரிய வீடு. ரயில் வந்ததும் வேலை மையத்தில் குவிகிறது, வீடு பாதையோரமாக வெளியே நகர்கிறது.

ஆனால் டிக்கெட் எடுக்கக் காசு இருப்பவர்களால்தான் அப்படி நகர முடியும். பிரிட்டன் 1883ல் ஒரு சட்டம் போட்டு, தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்று ரயில் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது இதனால்தான்.

சென்னையின் கதை என்ன?

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931ல் வந்தது. வேலை துறைமுகம், பாரிமுனைப் பக்கம். வீடு மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று பாதையோரமாக வளர்ந்தது. லண்டன் பாணிதான்.

பிறகு வேலை இடம் மாறியது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஐடி நிறுவனங்கள் ஓ.எம்.ஆர். சாலையில் சிறுசேரி வரை நீண்டன. 1995ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், 2007ல் வேளச்சேரியை எட்டியது. ஆனால் அது தரமணி, பெருங்குடி தாண்டி வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது. சோழிங்கநல்லூர், சிறுசேரிக்குப் போகவில்லை. புது வேலைகள் ரயில் இல்லாத சாலையில் குவிந்தன. விளைவு, கம்பெனி பஸ், பைக், கார், டிராஃபிக்.

118.9 கி.மீ. நீளம், 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான மெட்ரோ 2ஆம் கட்டத்தில், மாதவரம் - சிறுசேரி சிப்காட் வழித்தடம் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

ஸ்டேஷன் பக்கத்தில் சொந்த வீடு இருந்தால் சொத்து மதிப்பு ஏறும். வாடகைக்கு இருப்பவருக்கு ஏறுவது வாடகை மட்டும்தான். கட்டுப்படியாகாதவர்கள் இன்னும் தள்ளிப் போவார்கள். அதாவது, ரயில் வந்ததாலேயே ரயிலை விட்டு விலகிப் போவார்கள்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் இதன் இன்னொரு முகம். நகருக்குள் ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. வீடு வெளியே போனது. வீட்டு வேலை, சுமை தூக்கும் வேலை எல்லாம் நகருக்குள்ளேயே நின்றுவிட்டன. இரண்டையும் இணைக்க ரயில் இல்லை.

கட்டணமும் முக்கியம். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். தினமும் 50 ரூபாய் டிக்கெட்டில் போய் வந்தால், சலுகைகளைக் கழிக்காமல், 25 நாளுக்கு 2,500 ரூபாய். ஐடி ஊழியருக்கு இது பெட்ரோல் மிச்சம். வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளத்தில் பெரிய துண்டு.

வீடு பார்க்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

* உங்க வேலை இடத்துக்கு அந்த லைன் நேரா போகுதா, எத்தனை இடத்தில் மாறணும்?

* அந்த '5 நிமிடம்' நடந்தா, வண்டியிலா? நடந்து போக நடைபாதையும், இல்லாவிட்டால் இணைப்புப் பேருந்தும் இருக்கா?

* மாதக் கட்டணத்தையும் வாடகையையும் கூட்டினா, இப்போ ஆகுற செலவை விட உண்மையிலேயே குறையுதா?

மூன்றுக்கும் பதில் சரியா வந்தால்தான், ஸ்டேஷன் பக்கத்தில் வீடு என்பது உங்களுக்கு லாபம்.